ஃபோர்ட் மஸ்டாங் (முதல் தலைமுறை) உடலமைப்பு வகைகள்

ஃபோர்ட் மஸ்டாங் என்பது அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த ஃபோர்ட் நிறுவனம் 1964 ஆம் ஆண்டு முதல் உற்பத்தி செய்துவரும் இருகதவு மகிழுந்து (கார்) ஆகும். இதன் முதல் தலைமுறை வண்டிகள் 1964 முதல் 1973 வரை உற்பத்தி செய்யப்பட்டன. இவை ஹார்டுடாப், கன்வர்டிபிள், ஃபாஸ்ட்பேக் என்னும் மூன்று உடலமைப்பு வகைகளில் வெளிவந்தன. மூன்று வகைகளுக்கும் முன்பகுதி, கதவுகளின் கீழ்ப்பகுதி, சக்கர இடைத்தூரம், பொறிகள் ஆகியவை பெரும்பாலும் பொதுவானவை. கூரையும் அதனைத் தாங்கும் பகுதிகளுமே இவற்றை வேறுபடுத்துகின்றன.

கூரையின் வடிவம் தோற்றத்தை மட்டும் மாற்றவில்லை. வண்டியின் எடை, உறுதி, பின் இருக்கையின் பயன்பாடு, விலை ஆகியவற்றோடு, எந்தப் பந்தயத்தில் அது கலந்துகொள்ளலாம் என்பதையும் கூரையே தீர்மானித்தது. இன்று பழைய மஸ்டாங் ஒன்றின் மதிப்பைக் கணிப்பதிலும் உடலமைப்பு முக்கிய இடம் பெறுகிறது.

## பின்னணி

ஃபோர்ட் நிறுவனம் 1955 ஆம் ஆண்டு மாதிரியாகத் தண்டர்பேர்ட் என்னும் இரண்டு இருக்கை மகிழுந்தை வெளியிட்டது. 1955 முதல் 1957 வரையிலான மூன்று மாதிரி ஆண்டுகளில் 53,166 வண்டிகளே உற்பத்தியாயின. 1958 ஆம் ஆண்டு மாதிரியில் அது நான்கு இருக்கை வண்டியாக மாற்றப்பட்டது. அந்த ஒரே ஆண்டில் 37,892 வண்டிகள் உற்பத்தியாயின. இரண்டு இருக்கை வண்டியைப் பலர் வியந்து பார்த்தாலும், வாங்குவோர் குறைவு என்னும் பாடத்தை நிறுவனம் இதிலிருந்து பெற்றது.

1962 இல் மஸ்டாங் 1 என்னும் சோதனை வண்டி பொதுமக்கள் முன் காட்டப்பட்டது. இது இரண்டு இருக்கைகள் கொண்ட, கூரையற்ற, பொறி நடுப்பகுதியில் அமைந்த வண்டியாகும். விளையாட்டு மகிழுந்து விரும்பிகளிடம் இது நல்ல வரவேற்பைப் பெற்றது. ஆயினும் ஃபோர்ட் பிரிவின் பொது மேலாளராக இருந்த லீ அயகோக்கா, இத்தகைய வண்டியைப் பெருமளவில் விற்க இயலாது எனக் கருதினார். ஆகவே உற்பத்திக்குச் சென்ற மஸ்டாங் நான்கு பேர் அமரக்கூடியதாக வடிவமைக்கப்பட்டது. செலவைக் குறைக்கும் பொருட்டு, ஃபால்கன் என்னும் சிறிய குடும்ப மகிழுந்தின் பாகங்கள் பல இதில் பயன்படுத்தப்பட்டன.

மஸ்டாங்கின் உற்பத்தி 1964 மார்ச் 9 அன்று மிச்சிகன் மாநிலத்தின் டியர்போர்ன் தொழிற்சாலையில் தொடங்கியது. 1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் வண்டி அறிமுகம் செய்யப்பட்டது. அப்போது ஹார்டுடாப், கன்வர்டிபிள் ஆகிய இரு வகைகளே இருந்தன. ஃபாஸ்ட்பேக் வகை அதே ஆண்டின் இலையுதிர்காலத்தில் சேர்க்கப்பட்டது.

## பொதுவான அடித்தளம்

பழைய அமெரிக்க மகிழுந்துகள் பலவற்றில் அடிச்சட்டகம் தனியாகவும் உடற்கூடு தனியாகவும் இருந்தன. கூட்டைக் கழற்றினாலும் சட்டகம் தன் எடையைத் தாங்கி நிற்கும். மஸ்டாங்கில் அவ்வாறு தனிச் சட்டகம் இல்லை. தரை, பக்கச் சுவர்கள், தூண்கள், கூரை ஆகிய எஃகுத் தகடுகள் ஒன்றோடொன்று பற்றவைக்கப்பட்டு, முழு உடற்கூடே சுமையைத் தாங்கும் வகையில் அமைக்கப்பட்டது. இதனால் கூரையை மாற்றுவது என்பது ஒரு மூடியை மாற்றுவது போன்ற எளிய செயல் அன்று. அது வண்டியின் எலும்புக்கூட்டையே மாற்றுவதாகும்.

1965 ஆம் ஆண்டு மாதிரியில் மூன்று வகைகளுக்கும் முன், பின் சக்கரங்களின் இடைத்தூரம் 108 அங்குலம் (சுமார் 274 செ.மீ.), மொத்த நீளம் 181.6 அங்குலம் (சுமார் 461 செ.மீ.) ஆகும். பொறித் தெரிவுகளும் மூன்றுக்கும் பொதுவாக இருந்தன. ஆறு உருளைப் பொறி முதல் 271 குதிரைத்திறன் கொண்ட வி8 பொறி வரை எதனையும் எந்த உடலமைப்பிலும் வாங்க இயன்றது. எனவே ஃபாஸ்ட்பேக் என்றால் விரைவானது, ஹார்டுடாப் என்றால் மெதுவானது என்று கொள்வது தவறாகும்.

## வகைகள்

### ஹார்டுடாப்

ஹார்டுடாப் என்பது நிலையான எஃகுக் கூரை கொண்ட வகையாகும். கூரை செங்குத்தாகச் சரியும் பின் கண்ணாடியில் முடிவடைகிறது. அதன் பின் டிக்கியின் மூடி ஏறத்தாழக் கிடைமட்டமாகத் தொடர்கிறது. பக்கவாட்டில் பார்க்கும்போது இந்த இடம் ஒரு படிக்கட்டின் படி போலத் தோன்றும். இதனால் இவ்வடிவம் நாட்ச்பேக் எனவும் அழைக்கப்படுகிறது. பேச்சு வழக்கில் கூபே என்ற பெயரும் உண்டு.

ஹார்டுடாப் என்ற சொல் சில நேரங்களில் குழப்பம் தருவது. வேறு சில மகிழுந்துகளில், எடுத்துக்காட்டாக 1955 ஆம் ஆண்டுத் தண்டர்பேர்டில், இச்சொல் கழற்றி மாட்டக்கூடிய கெட்டியான மேல்மூடியைக் குறிக்கிறது. மஸ்டாங்கில் அது கழற்ற இயலாத கூரையையே குறிக்கிறது. முன் கதவுக்கும் பின் பக்கச் சன்னலுக்கும் இடையே மேல்நோக்கிச் செல்லும் நடுத்தூண் இல்லாமையே இங்கு இப்பெயருக்கான காரணம். முன், பின் பக்கக் கண்ணாடிகள் இரண்டையும் இறக்கிவிட்டால் பக்கவாட்டில் தடையற்ற அகலமான திறப்பு கிடைக்கும். கன்வர்டிபிள் வண்டியின் திறந்த தோற்றத்தை நிலையான கூரையோடு தருவதே இந்த அமைப்பின் நோக்கமாகும்.

மூன்று வகைகளில் இதுவே விலை குறைந்தது. அறிமுகத்தின்போது இதன் அடிப்படை விலை 2,368 டாலராக இருந்தது. மற்ற இரு வகைகளும் இதனைவிட 200 டாலருக்கும் அதிகமான விலை கொண்டவை. பின் இருக்கையில் அமர்வோருக்குத் தலைக்கு மேல் இடமும், பொருள் வைக்க டிக்கியில் இடமும் இதிலேயே அதிகம். முதன்முறையாக வண்டி வாங்கும் இளைஞர்களும், வீட்டின் இரண்டாவது வண்டியாக வாங்கியோரும் பெரும்பாலும் இதனையே தேர்ந்தெடுத்தனர்.

### கன்வர்டிபிள்

கன்வர்டிபிள் என்பது மடக்கக்கூடிய துணிக்கூரை கொண்ட வகையாகும். எஃகுச் சட்டங்களின் மேல் செயற்கைத் தோல் விரிப்பு இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். கூரையைக் கையால் மடக்குவது அடிப்படை வசதியாகவும், விசையால் இயக்குவது கூடுதல் விலைக்குரிய வசதியாகவும் இருந்தன. தொடக்க ஆண்டு வண்டிகளில் கூரையோடு சேர்ந்து மடங்கும்படி, பின் கண்ணாடிக்குப் பதிலாக ஒளிபுகும் நெகிழித் தாள் தைக்கப்பட்டிருந்தது.

மடக்கிய கூரை பின் இருக்கைக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் அடங்கும். அதற்கான இயங்குசட்டங்கள் இருபுறமும் இடம் எடுத்துக்கொள்வதால் பின் இருக்கையின் அகலம் குறைகிறது. டிக்கியின் கொள்ளளவும் ஹார்டுடாப்பைவிடக் குறைவு.

கன்வர்டிபிளின் முக்கிய வேறுபாடு கண்ணுக்குத் தெரியாத கீழ்ப்பகுதியில் உள்ளது. தீப்பெட்டியின் உள்தட்டை மட்டும் எடுத்து இரு முனைகளையும் பிடித்து முறுக்கினால் அது எளிதில் வளையும். அதனை மேலுறைக்குள் செருகிய பின் முறுக்குவது கடினம். உடற்கூட்டில் கூரை செய்யும் பணியும் இதுவே. கூரை இல்லாத வண்டி குண்டும் குழியுமான சாலையில் செல்லும்போது முறுகி, நடுவில் தொய்ய முற்படும்.

இதனை ஈடுசெய்ய, கன்வர்டிபிள் வண்டிகளின் கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் செல்லும் பக்க உத்தரங்கள் தடித்த தகடுகளால் செய்யப்பட்டன. தரையின் முன் மூலைகளில் பெட்டி வடிவ வலுவூட்டிகள் பற்றவைக்கப்பட்டன. முன் இருக்கைகளுக்குக் கீழேயும் கூடுதல் தகடு பொருத்தப்பட்டது. இதனால் கூரைத் தகடு இல்லாதபோதும் மூன்று வகைகளில் அதிக எடை கொண்டது கன்வர்டிபிளே.

ஹார்டுடாப் வண்டி ஒன்றின் கூரையை வெட்டி எடுத்துக் கன்வர்டிபிளாக மாற்றுவது ஏன் இடர் மிக்கது என்பதும் இதிலிருந்து விளங்கும். அவ்வாறு மாற்றிய வண்டியில் மேற்கூறிய வலுவூட்டிகள் இரா. அசல் கன்வர்டிபிளிலும் பக்க உத்தரங்கள் துருப்பிடித்துவிட்டால் இதே நிலை ஏற்படும். கதவு இடைவெளி மேலே குறுகியும் கீழே விரிந்தும் காணப்படுதல், வண்டியைத் தூக்கியபின் கதவு சரியாக மூடாமை ஆகியவை உடற்கூடு தொய்ந்திருப்பதற்கான அறிகுறிகளாகும்.

### ஃபாஸ்ட்பேக்

ஃபாஸ்ட்பேக் வகையில் கூரை படியாக முறியாமல், வண்டியின் பின்பகுதியை நோக்கி ஒரே சாய்வாக இறங்குகிறது. ஃபோர்ட் நிறுவனம் தொடக்கத்தில் இதனை 2+2 என்ற பெயரில் விற்றது. முன்னால் இரண்டு பெரியவர்களும், பின்னால் சிறுவர் இருவரோ குறுகிய பயணத்திற்கு வேறு இருவரோ அமரலாம் என்பதை இப்பெயர் உணர்த்துகிறது. சாய்வான கூரையினால் பின் இருக்கையில் அமர்வோரின் தலைக்கு மேல் இடம் குறைவு.

1965, 1966 ஆம் ஆண்டு மாதிரிகளில் பின்பக்கச் சன்னல்கள் இல்லை. அவ்விடத்தில் கிடைமட்டக் காற்றுத் துளைவரிசைகள் அமைந்திருந்தன. இவை வெறும் அலங்காரம் அல்ல. உள்ளிருந்து இவற்றைத் திறந்து, வண்டிக்குள் உள்ள காற்றை வெளியேற்ற இயன்றது. பின் இருக்கையின் சாய்வுப் பகுதியை முன்னோக்கி மடக்கி, டிக்கிக்கு இடையிலுள்ள சிறு கதவைத் திறந்தால், நீளமான பொருள்களை உள்ளே வைக்கலாம். டிக்கி மட்டும் தனியே சிறியது. ஆயினும் இருக்கையை மடக்கும்போது சரக்கு இடம் கணிசமாகக் கூடியது. குடும்ப வண்டியாக ஹார்டுடாப்பைவிடப் பின்தங்கினாலும், இருவர் மட்டும் பயணம் செய்வதற்கு ஃபாஸ்ட்பேக் வசதியானதாக இருந்தது.

## ஒப்பீடு (1965 ஆம் ஆண்டு மாதிரி)

| கூறு | ஹார்டுடாப் | கன்வர்டிபிள் | ஃபாஸ்ட்பேக் |
|---|---|---|---|
| கூரை | நிலையான எஃகு, படி வடிவம் | மடங்கும் துணிக்கூரை | நிலையான எஃகு, தொடர் சாய்வு |
| பின்பக்கச் சன்னல் | இறக்கக்கூடியது | இறக்கக்கூடியது | இல்லை. காற்றுத் துளைகள் |
| பின் இருக்கை | நிலையானது | நிலையானது, குறுகியது | மடக்கக்கூடியது |
| கீழ்ப்பகுதிக் கூடுதல் வலுவூட்டல் | இல்லை | உண்டு | இல்லை |
| தொடர் எண்ணில் குறியீடு | 07 | 08 | 09 |
| கதவுத் தகட்டில் குறியீடு | 65 | 76 | 63 |
| உற்பத்தி | 5,01,965 | 1,01,945 | 77,079 |

## பந்தய விதிகளும் உடலமைப்பும்

மஸ்டாங் ஒரு விளையாட்டு மகிழுந்தா என்னும் கேள்வி அதன் அறிமுகக் காலத்திலேயே எழுந்தது. நீண்ட முன்பகுதி, குறுகிய பின்பகுதி, தாழ்ந்த இருக்கை ஆகியவை விளையாட்டு மகிழுந்துக்கு உரியவை. ஆனால் நான்கு இருக்கைகளும் ஃபால்கனின் பாகங்களும் அதனைக் குடும்ப வண்டியின் பக்கம் சேர்த்தன. இவ்வகை வண்டிகளுக்குப் பின்னர் போனி கார் என்ற தனிப்பெயரே ஏற்பட்டது. போனி என்பது மட்டக் குதிரையைக் குறிக்கும். மஸ்டாங் என்பது வட அமெரிக்கக் காட்டுக் குதிரையின் பெயராகும்.

இக்கேள்விக்கு அமெரிக்க விளையாட்டு மகிழுந்துக் கழகத்தின் பந்தய விதிகள் நேரடியான விடை அளித்தன. அக்கழகம் நடத்திய உற்பத்தி வண்டிப் பிரிவில் விளையாட்டு மகிழுந்தாக ஏற்கப்பட வேண்டுமாயின், வண்டி இரண்டு இருக்கை கொண்டதாகவும், குறைந்தது 100 வண்டிகள் கட்டப்பட்டதாகவும் இருத்தல் வேண்டும். இதற்காக முன்னாள் பந்தய ஓட்டுநர் கரோல் ஷெல்பியின் நிறுவனம் ஃபாஸ்ட்பேக் வண்டிகளைப் பெற்று, அவற்றின் பின் இருக்கையை நீக்கி, அந்த இடத்தில் மாற்றுச் சக்கரத்தை வைத்தது. ஷெல்பி ஜி.டி. 350 எனப் பெயர் பெற்ற இந்த வண்டி 1965 முதல் 1967 வரை தொடர்ந்து மூன்று ஆண்டுகள் தன் பிரிவில் தேசிய வாகையர் பட்டத்தை வென்றது.

அதே கழகம் 1966 இல் டிரான்ஸ்-ஆம் என்னும் தொடரைத் தொடங்கியது. இது நான்கு இருக்கை செடான் வகை வண்டிகளுக்கான போட்டியாகும். இதில் மஸ்டாங்கின் ஹார்டுடாப் வகை களமிறங்கியது. 1966, 1967 ஆகிய இரு ஆண்டுகளிலும் உற்பத்தியாளர் பட்டம் ஃபோர்டுக்குக் கிடைத்தது.

இவ்வாறு ஒரே பொறியும் ஒரே அடித்தளமும் கொண்ட வண்டி, ஒரு கூரையோடு விளையாட்டு மகிழுந்தாகவும் மற்றொரு கூரையோடு செடானாகவும் ஒரே காலத்தில் இரு வேறு போட்டிகளில் வென்றது குறிப்பிடத்தக்கது.

## ஆண்டுவாரியான மாற்றங்கள்

* 1967–1968: பெரிய வி8 பொறிகள் பொருந்துமாறு வண்டி அகலமாக்கப்பட்டது. ஃபாஸ்ட்பேக்கின் கூரைச் சாய்வு டிக்கியின் இறுதி விளிம்பு வரை நீட்டப்பட்டது. 1968 முதல் ஷெல்பி வண்டிகள் கன்வர்டிபிள் வடிவிலும் விற்பனைக்கு வந்தன. இவற்றில் இருக்கைகளுக்குப் பின்னால் பாதுகாப்பு வளைவு பொருத்தப்பட்டிருந்தது.
* 1969–1970: ஃபாஸ்ட்பேக் வகைக்கு ஸ்போர்ட்ஸ்ரூஃப் எனப் பெயர் மாற்றப்பட்டது. கூரை முன்பைவிடத் தாழ்த்தப்பட்டது. காற்றுத் துளைகளுக்குப் பதிலாகச் சிறிய பின்பக்கச் சன்னல்கள் வந்தன. மாக் 1, பாஸ் 302, பாஸ் 429 ஆகிய விரைவு மாதிரிகள் ஸ்போர்ட்ஸ்ரூஃப் வடிவில் மட்டுமே விற்கப்பட்டன. சொகுசு மாதிரியான கிராண்டே, ஹார்டுடாப்பில் மட்டுமே கிடைத்தது. பாஸ் 302 வண்டியின் மூலம் 1970 ஆம் ஆண்டு டிரான்ஸ்-ஆம் உற்பத்தியாளர் பட்டத்தை ஃபோர்ட் வென்றது.
* 1971–1973: சக்கர இடைத்தூரம் 109 அங்குலமாகக் கூட்டப்பட்டு, வண்டி பெரிதாக்கப்பட்டது. ஸ்போர்ட்ஸ்ரூஃப் வகையின் பின் கண்ணாடி கிடைமட்டத்திலிருந்து ஏறத்தாழ 14 பாகை மட்டுமே சாய்ந்திருந்தது. தோற்றம் கவர்ச்சியாக இருந்தபோதும், பின்னால் வரும் வண்டிகளை ஓட்டுநர் காண்பது கடினமாயிற்று.

1969 ஆம் ஆண்டு மாற்றம் முக்கியமானது. அதுவரை எந்த உடலமைப்பிலும் எந்தப் பொறியையும் வாங்க இயன்றது. அதன்பின் விரைவு மாதிரிகளின் பெயர்கள் சாய்வுக் கூரையோடும், சொகுசு மாதிரியின் பெயர் படி வடிவக் கூரையோடும் இணைக்கப்பட்டன. ஃபாஸ்ட்பேக் என்றால் விரைவு வண்டி என்னும் எண்ணம் மக்களிடையே வலுப்பெற இதுவும் ஒரு காரணமாகும்.

## உற்பத்தி எண்ணிக்கை

முதல் தலைமுறையில் மொத்தம் சுமார் 29.8 இலட்சம் வண்டிகள் உற்பத்தியாயின. முதல் நான்கு மாதிரி ஆண்டுகளின் வகைவாரியான எண்ணிக்கை பின்வருமாறு. 1964 இல் கட்டப்பட்ட வண்டிகளும் 1965 ஆம் ஆண்டு மாதிரியிலேயே சேர்க்கப்பட்டுள்ளன.

| மாதிரி ஆண்டு | ஹார்டுடாப் | கன்வர்டிபிள் | ஃபாஸ்ட்பேக் | மொத்தம் |
|---|---|---|---|---|
| 1965 | 5,01,965 | 1,01,945 | 77,079 | 6,80,989 |
| 1966 | 4,99,751 | 72,119 | 35,698 | 6,07,568 |
| 1967 | 3,56,271 | 44,808 | 71,042 | 4,72,121 |
| 1968 | 2,49,447 | 25,376 | 42,581 | 3,17,404 |

இந்த நான்கு ஆண்டுகளிலும் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கோ அதற்கு மேலோ ஹார்டுடாப் வண்டிகளாகும். 1966 இல் ஃபாஸ்ட்பேக்கின் பங்கு நூற்றுக்கு ஆறு மட்டுமே. குறைந்த விலையில் பெருமளவில் விற்ற ஹார்டுடாப்பே, மற்ற இரு வகைகளையும் அதே உற்பத்தி வரிசையில் கட்டுவதற்கான பொருளாதார அடிப்படையை அளித்தது எனலாம். 1969 இல் நிலை மாறியது. அவ்வாண்டு ஹார்டுடாப் சுமார் 1,50,000 வண்டிகளும், ஸ்போர்ட்ஸ்ரூஃப் சுமார் 1,34,000 வண்டிகளும் உற்பத்தியாயின.

கன்வர்டிபிளின் உற்பத்தி தொடர்ந்து சரிந்து, 1970 இல் 7,673 ஆகவும் 1971 இல் 6,121 ஆகவும் குறைந்தது. வண்டிகளில் குளிர்சாதன வசதி பரவியதும், நெடுஞ்சாலைகளில் விரைவு கூடியதும் திறந்த வண்டிகளின் தேவையைக் குறைத்தன. வண்டி கவிழும்போது பயணிகளைக் காப்பதற்கான கூட்டரசு விதிகள் கன்வர்டிபிள்களைத் தடை செய்துவிடும் என்ற அச்சமும் உற்பத்தியாளர்களிடையே நிலவியது. அத்தகைய தடை பின்னர் வரவில்லை. 1973 ஆம் ஆண்டு மாதிரியே கடைசி என்பது தெரிந்ததும் வாங்குவோர் கூடி, அவ்வாண்டு 11,853 கன்வர்டிபிள்கள் உற்பத்தியாயின.

## வகையை அடையாளம் காணல்

ஒரே ஆண்டின், ஒரே பொறி கொண்ட, ஒத்த நிலையிலுள்ள வண்டிகளுள் ஃபாஸ்ட்பேக்கும் கன்வர்டிபிளும் பொதுவாக ஹார்டுடாப்பைவிட அதிக விலை பெறுகின்றன. இதனால் ஹார்டுடாப் வண்டியின் கூரையை அறுத்து, ஃபாஸ்ட்பேக் கூரையைப் பற்றவைத்து மாற்றும் வழக்கம் ஏற்பட்டது. மாற்றியதை வெளிப்படையாகக் கூறி விற்பதில் தவறில்லை. அதனை அசல் எனக் கூறி விற்கும்போது வாங்குபவர் பெருந்தொகையை இழக்க நேரிடும். ஃபோர்டின் உரிமத்துடன் முற்றிலும் புதிதாகச் செய்யப்படும் ஃபாஸ்ட்பேக் உடற்கூடுகளும் சந்தையில் உண்டு.

வண்டி தொழிற்சாலையில் எவ்வகையாகக் கட்டப்பட்டது என்பதை அதன் தொடர் எண் காட்டும். 1965 முதல் 1968 வரையிலான மாதிரிகளில் 07 என்பது ஹார்டுடாப், 08 கன்வர்டிபிள், 09 ஃபாஸ்ட்பேக் ஆகும். 1969 முதல் 01 ஹார்டுடாப், 02 ஸ்போர்ட்ஸ்ரூஃப், 03 கன்வர்டிபிள் என மாற்றப்பட்டன. கிராண்டேவுக்கு 04, மாக் 1 வண்டிக்கு 05 ஆகிய தனி எண்கள் வழங்கப்பட்டன. இந்த எண் பொறி அறையின் பக்கத் தகட்டில் பொறிக்கப்பட்டிருக்கும். 1968 முதல் முன் கண்ணாடி வழியாகவும் காண இயலும். ஓட்டுநர் கதவிலுள்ள தகட்டிலும் உடலமைப்புக் குறியீடு உண்டு. ஆயினும் கதவைக் கழற்றி மாற்றுவது எளிது என்பதால், உடற்கூட்டில் பொறிக்கப்பட்ட எண்ணோடு அதனை ஒப்பிடுதல் வேண்டும்.

எடுத்துக்காட்டாக, மஸ்டாங்கின் முதல் தொடர் எண் 5எஃப்08எஃப்100001 என்பதாகும். இதனைப் பின்வருமாறு பிரித்துப் படிக்கலாம்.

* 5 – 1965 ஆம் ஆண்டு மாதிரி
* எஃப் – டியர்போர்ன் தொழிற்சாலை
* 08 – கன்வர்டிபிள்
* எஃப் – 260 கன அங்குல வி8 பொறி
* 100001 – வரிசை எண்

வெள்ளை நிறமான இந்த வண்டி காட்சிக்காக அனுப்பப்பட்டது. ஆனால் 1964 ஏப்ரலில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் விமானி ஒருவருக்கு விற்கப்பட்டுவிட்டது. 1966 இல் அவருக்கு 10,00,001 ஆவது மஸ்டாங்கை அளித்து ஃபோர்ட் நிறுவனம் இதனைத் திரும்பப் பெற்றது. தற்போது இது டியர்போர்னில் உள்ள ஹென்றி ஃபோர்ட் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளது.

## திரைப்படங்களில்

1964 இல் வெளிவந்த ஜேம்ஸ் பாண்ட் திரைப்படமான கோல்டுஃபிங்கரில் வெள்ளை நிறக் கன்வர்டிபிள் ஒன்று சுவிட்சர்லாந்து மலைச்சாலையில் தோன்றுகிறது. 1968 இல் வெளிவந்த புல்லிட் திரைப்படத்தில் நடிகர் ஸ்டீவ் மெக்குயீன் கரும்பச்சை நிற 1968 ஆம் ஆண்டு ஃபாஸ்ட்பேக்கைச் சான் பிரான்சிஸ்கோ நகரின் மேட்டுச் சாலைகளில் ஓட்டினார். அத்திரைப்படத்தில் அவர் ஓட்டிய வண்டி 2020 சனவரியில் நடந்த ஏலத்தில், கட்டணங்கள் உட்பட 37 இலட்சத்து 40 ஆயிரம் டாலருக்கு விற்கப்பட்டது.

## பிற்காலத் தலைமுறைகளில்

1974 இல் வெளிவந்த இரண்டாம் தலைமுறையில் கன்வர்டிபிள் இடம்பெறவில்லை. நாட்ச்பேக் வடிவமும், பின் கண்ணாடியோடு சேர்ந்து திறக்கும் கதவு கொண்ட ஹேட்ச்பேக் வடிவமும் இருந்தன. 1979 இல் வந்த மூன்றாம் தலைமுறையிலும் இவ்விரண்டும் தொடர்ந்தன. 1983 இல் கன்வர்டிபிள் மீண்டும் அறிமுகமானது. படி வடிவம் கொண்ட நாட்ச்பேக் 1993 ஆம் ஆண்டு மாதிரியோடு முடிவுக்கு வந்தது.

2005 ஆம் ஆண்டு மாதிரி 1960களின் ஃபாஸ்ட்பேக்கை நினைவூட்டும் கூரைக்கோட்டுடன் வடிவமைக்கப்பட்டது. 2015 மாதிரி முதல் மூடிய வகையை ஃபோர்ட் நிறுவனம் ஃபாஸ்ட்பேக் என்ற பழைய பெயராலேயே குறிப்பிடுகிறது. 2024 மாதிரியாக வந்த ஏழாம் தலைமுறையிலும் ஃபாஸ்ட்பேக், கன்வர்டிபிள் ஆகிய இரண்டே உள்ளன. தொடக்க ஆண்டுகளில் மிக அதிகமாக விற்ற வடிவம் மறைந்து, மொத்தத்தில் மிகக் குறைவாக விற்ற இரு வடிவங்களே இன்றும் தொடர்கின்றன.

## இவற்றையும் பார்க்க

* ஃபோர்ட் தண்டர்பேர்ட்
* ஃபோர்ட் ஃபால்கன்
* லீ அயகோக்கா
* கரோல் ஷெல்பி